இழுபடுற துணிக்குள்ள மின்னோட்டம்: அம்மப்பாட முழங்கால் பட்டிக்கு என்ன நூல் வாங்க?

களுவாஞ்சி நூல் | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில இருந்து எழுதுறன். தொழில்நுட்பப் பீடத்தில ரெண்டாம் வருசம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்க.

அம்மப்பாவுக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்தது. இடக்கால் இன்னும் பழைய மாதிரி இல்ல. கதிரையில இருந்துகொண்டு காலை நீட்டி மடக்கிற பயிற்சி காலையில முப்பது, பின்னேரம் முப்பது செய்யவேணும். அம்மா வேலைக்குப் போயிருவா, நான் வகுப்புக்கு. வீட்டில அவர் தனிய. வந்து கேட்டா "செய்த நான் புள்ள" எண்டுவார். எனக்கு நம்பிக்கை வாறல்ல, ஆனா அவரோட சண்டை பிடிக்க மனமும் வராது. அதான், எண்ணித் தாற ஒரு பட்டி செய்வம் எண்டு தொடங்கின நான். மடக்கேக்க துணி இழுபடும், இழுபட்டா தடை மாறும், சின்ன மின்னணுப் போட் (சுற்றுப் பலகை) ஒண்டு அதை எண்ணும்.

மூண்டு விதமாச் செய்து பார்த்தாச்சு.

மெல்லிய செப்பு இழையை லெகிங்ஸ் துணியில தைச்சன். ரெண்டு நாளில அறுந்திட்டு.

காரீயத் தூளையும் (பென்சில் கரி, கிராபைற்று) ஹாட்வெயார் கடைச் சிலிக்கோனையும் குழைச்சுத் துணியில பூசினன். இது வேலை செய்யுது, ஆனா சரியா இல்ல. கால் நீட்டியிருக்கேக்க 1.2 கிலோ ஓம், மடக்கினா 2.0. திரும்ப நீட்டினா 1.6 இல நிக்குது. அப்பிடியே விட்டா மெதுவா இறங்குது. பத்துத் தரம் மடக்கினா அடி மட்டமே மேல ஏறிப்போகுது.

மூண்டாவது, ஒன்லைனில எடுத்த கறையில் உருக்கு நூல். நேர்த்தையல் போட்டன். நூல் கடத்துது, ஆனா துணி இழுபடுறல்ல.

திரவ உலோகம், கிராஃபீன், வெள்ளி நூல் எண்டு எக்கச்சக்கம் வாசிச்சிட்டன். கையில இருக்கிறது பத்தாயிரம் ரூபா. எதை வாங்க?

ஓமின் விதி | செவ்வாய், இரவு 10.05

மகள், அளவுகளோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்ல முடிகிறது. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் என்ற உரிமையில் அடிப்படையில் இருந்து தொடங்குகிறேன்.

ஒரு கடத்தியை இழுத்தால் அது நீள்கிறது, அதே நேரம் மெலிகிறது. கனவளவு மாறாது என்று எடுத்தால் 30% நீட்சிக்குத் தடை 1.3 ஐ 1.3 ஆல் பெருக்கிய அளவு, அதாவது 1.69 மடங்கு ஆகும். இரு மடங்கு நீளமாக்கினால் நான்கு மடங்கு. இது உருவம் மாறுவதால் மட்டும் வருவது. திரவ உலோகத்தை றப்பர்க் குழாயில் அடைத்து இழுத்தாலும் இதே கதைதான். திண்ம உலோகமோ அவ்வளவு தூரம் இழுபட்டுத் திரும்பி வராது. மெல்லிய உலோகப் படலம் 1, 2 வீத நீட்சியிலேயே வெடிக்கத் தொடங்கும். உங்கள் செப்பு இழையும் திரும்பத் திரும்ப இழுபட்டுக் களைத்துத்தான் அறுந்திருக்கும்.

ஆகவே "எந்தப் பொருள் நன்றாக இழுபடும்" என்று தேடாதீர்கள். உலோகம் இழுபடத் தேவையில்லை. அது வளைந்து கிடக்கட்டும், துணி இழுபடும்போது வளைவு நிமிரட்டும். மேசைத் தொலைபேசியின் சுருள் வயரை நினைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் செப்பு ஒரு மில்லிமீற்றர்கூட நீளுவதில்லை.

காரீயப் பூச்சு வேறு விதம். துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாய் நின்றால்தான் ஓட்டம் போகும். தூள் குறைவாய் இருந்தால் ஒன்றும் கடத்தாது, ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று கடத்தும். இழுக்கும்போது சங்கிலிகள் அறுகின்றன. விட்டதும் துணி திரும்பிவிடும், துணிக்கைகள் திரும்பப் போய்த் தொட நேரம் எடுக்கும். 1.6 இல் நின்று மெதுவாய் இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கேள்வி. அந்தச் சிலிக்கோன் காயும்போது வினாகிரி மணம் அடித்ததா? அடித்திருந்தால் அசற்றிக் அமிலம் வெளிவரும் வகை அது. பக்கத்தில் செப்பு இருந்தால் அரித்துவிடும். மணமில்லாத வகையும் கடைகளில் உண்டு.

களுவாஞ்சி நூல் | செவ்வாய், இரவு 10.31

அடிச்சது சேர், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பூசினன். செப்புக் கம்பி பச்சையாப் போனது, கடற்காத்தால எண்டு நினைச்சிட்டன்.

வாவிக்கரை | புதன், காலை 6.40

அக்கா, வெள்ளி நூல் வாங்கிற காசுக்கு நாமளே நைலோன் துணிக்கு வெள்ளி பூசினா என்ன? ஏ.எல் (உயர்தர) இரசாயனத்தில அல்டிகைட்டுக்குச் செய்யிற வெள்ளியாடிச் சோதனைதானே. வெள்ளி நைத்திரேற்று, அமோனியா, குளுக்கோசு. கண்ணாடிக் குழாயில படியிற வெள்ளி துணியில படியாதா? பாடசாலை ஆய்வுகூடத்தில கேட்டுத் தரலாம்.

கல்லடியான் | புதன், காலை 11.20

தம்பி வாவிக்கரை, நல்லா யோசிச்சிருக்கிறீங்க. கம்பனிகள் நைலோனுக்கு வெள்ளி பூசுறதும் இதன் அண்ணன் தம்பி முறைதான். ஆனா வீட்டில செய்யவேண்டாம், ஆசிரியர் பக்கத்தில இல்லாம ஆய்வுகூடத்திலயும் வேண்டாம். அந்த அமோனியா வெள்ளிக் கரைசலை மிச்சம் எண்டு போத்தலில வைச்சீங்க எண்டா, நேரம் போகப்போகத் தட்டினாலே வெடிக்கிற படிவு உண்டாகும். சோதனை முடிஞ்ச கையோட அமிலம் சேர்த்து ஊத்தவேணும் எண்டு சொல்லித் தாறது அதுக்குத்தான். மறுகா, கண்ணாடியில படியிற மாதிரி நைலோனில வெள்ளி லேசில ஒட்டாது. வெள்ளிய ஒட்டவைக்க முதல்ல வெள்ளீயக் குளோரைட்டில தோய்க்கிறது போல வேலைகள் இருக்கு. அதில்லாமப் பூசினா முதல் கழுவலிலயே வாளியில வெள்ளி மிதக்கும்.

நான் கல்லடியில பிறந்து இப்ப ஜேர்மனியில ஒரு துணி ஆய்வுகூடத்தில வேலை. தங்கச்சி கேட்ட பட்டியலை ஒண்டொண்டாச் சொல்லுறன்.

திரவ உலோகம்: காலியமும் இந்தியமும் 75க்கு 25 எண்ட நிறையில சேர்ந்த கலவை. ஏறத்தாழ 15.5 பாகையில உருகும், அதனால மட்டக்களப்புச் சூட்டில எப்பவும் தண்ணிதான். நல்லாக் கடத்தும், நல்லா இழுபடும். ஆனா குழாய் பொத்தினா எல்லா இடமும் ஒட்டும், அலுமினியத்தில பட்டா அதைத் தின்னும். விலையும் கூட. உங்கட வேலைக்குத் தேவையே இல்ல.

கடத்துற பிளாத்திக்கு: 1977 இல ஷிராகாவா, மக்டயார்மிட், ஹீகர் எண்ட மூண்டு பேர் பொலிஅசற்றிலீனுக்கு அயடீன் ஊட்டி உலோகம் மாதிரிக் கடத்த வைச்சாங்க. 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு அதுக்குத்தான். அந்தப் பரம்பரையில வந்த பொலிபிரோலைத் துணிக்குமேலயே வளர்க்கலாம். பிரோல் எண்ட மூலப்பொருளையும் பெரிக்குக் குளோரைட்டையும் சேர்த்த குளிர்த் தண்ணியில ஊறப்போட்டா துணி கறுத்துக் கடத்தத் தொடங்கும். கண்ணால பார்க்க அவ்வளவு ஆசையா இருக்கும். ஆனா காத்துப் பட்டு மாசக்கணக்கில தடை ஏறிக்கொண்டே போகும். ஈரப்பதன் கூடின நம்மட ஊருக்கு நான் சொல்லமாட்டன்.

வெள்ளி பூசின நைலோன் நூல்: வாங்கிறதெண்டா இதை வாங்குங்க. உருக்கு நூலை விட மெத்து.

வாங்கேக்க ஒரு விசயம். துணியா விக்கிறவங்க "சதுரத்துக்கு இவ்வளவு ஓம்" எண்டு எழுதியிருப்பாங்க. எவ்வளவு பெரிய சதுரம் எண்டு குழம்பவேண்டாம். ஒரு அங்குலச் சதுரத்துக்கும் ஒரு முழச் சதுரத்துக்கும் தடை ஒண்டுதான், ஏனெண்டா நீளம் கூடுற அளவுக்கு அகலமும் கூடுது. 1 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமான துண்டு எண்டா 20 சதுரம். சதுரத்துக்கு 1 ஓம் எண்டா அந்தத் துண்டு 20 ஓம். அவ்வளவுதான் கணக்கு.

கடைசியா முக்கியமானது. நீங்க ரெண்டு வேலையை ஒரே பொருளிட்டக் கேட்கிறீங்க. மடக்கிறதை உணருற துண்டுக்குத் தடை மாறவேணும். அதில இருந்து போட்டுக்குப் போற வழிக்குத் தடை மாறவே கூடாது. ரெண்டையும் பிரியுங்க.

சந்திவெளியான் | புதன், பின்னேரம் 4.15

எனக்கொரு சந்தேகம், குறையா எடுக்கவேண்டாம். அசைவு உணரிச் சிப் ஒண்டு சில நூறு ரூபாவுக்கு வருது. கணுக்காலில கட்டினா மடக்கிறது, நீட்டிறது, பாகை எல்லாம் தரும். ஏன் இந்த நூல் கரைச்சல்?

களுவாஞ்சி நூல் | புதன், இரவு 8.50

நியாயமான கேள்வி அண்ணன். முதல்ல அதைத்தான் கட்டின நான். நல்லா வேலை செய்தது. ஆனா அம்மப்பா ரெண்டாம் நாளே கழட்டி சாமி அறையில வைச்சிட்டார். பெட்டி கட்டின கால் எண்டு ஆக்கள் வந்து பார்க்கிறாங்களாம், நோயாளி மாதிரி இருக்காம். அவர் சாறன் கட்டுற ஆள், சாறனுக்குள்ள தெரியாமக் கிடக்கிறதெண்டா போடுவன் எண்டு சொன்னவர். அதாலதான் துணி.

சந்திவெளியான் | புதன், இரவு 9.02

விளங்குது. அப்ப துணிதான் சரி.

ஏறாவூர் லைன் 14 | புதன், இரவு 11.48

ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் பார்த்தன். 11 வருசமா ஆடைத் தொழிற்சாலையில மெக்கானிக். இழுபடுற துணி தைக்கிறதுதான் என்ட சோறு.

தங்கச்சி, நேர்த்தையல் போட்டதால துணி பிடிச்சுக்கொண்டிட்டு. சிக்சாக் போடுங்க, வீட்டு மெசினிலயே இருக்கு. அகலம் 5, நீளம் 2.5 வைங்க.

இதைவிட முக்கியம்: கடத்துற நூலை ஊசியில கோக்காதீங்க. மேல்நூல் ஒரு தையலுக்குள்ள போகமுதல் ஊசிக் கண்ணுக்குள்ளால பல தரம் முன்னுக்கும் பின்னுக்கும் உரஞ்சிப் போகுது. வெள்ளி உரிஞ்சு ஊசியிலயே தூளா நிக்கும். பொபினில சுத்துங்க. கீழ்நூலுக்கு அந்த உரஞ்சல் இல்ல. ஊசியில சாதாரண பொலியெஸ்டர் நூல், மேல்நூல் இறுக்கத்தைக் கூட்டாம விடுங்க, இல்லாட்டி கீழ்நூலை மேல இழுத்துப்போடும். பந்துமுனை ஊசி போடுங்க, கூர் ஊசி துணிக்குள்ள இருக்கிற லைக்கிறா இழுநூலை அறுக்கும்.

மறுகா, வெள்ளி நூலுக்கு ஈயம் ஒட்டப் போகவேண்டாம். உள்ளுக்க நைலோன், சூடு பட்டதும் சுருண்டு போயிரும். பிரஸ் பட்டன் அடிச்சா காணும்.

ஓமின் விதி | வியாழன், காலை 5.30

லைன் 14 தம்பி சொன்ன 5 உம் 2.5 உம் என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சாய்வுத் தையல் 2.5 மி.மீ. முன்னுக்கும் 5 மி.மீ. பக்கத்துக்கும் போகிறது. நூலின் நீளம் 5.59 மி.மீ. இப்போது துணியை 50% இழுங்கள். முன்னுக்கு 3.75 ஆகிறது. ஆனால் இழுபடும் துணி ஒடுங்கவும் செய்யும். றப்பர்த் தாளைப் போல ஒடுங்கினால் 5 மி.மீ. அகலம் 4.08 ஆகிறது. நூலுக்கு இப்போது தேவையான நீளம் 5.54 மி.மீ.

பாருங்கள், 5.59, 5.54. துணி ஒன்றரை மடங்கு நீண்டும் நூல் நீளவே இல்லை! துணிக்குத் துணி ஒடுங்கும் அளவு மாறும், ஆனால் தம்பி பதினொரு வருடக் கைப்பழக்கத்தில் சொன்ன எண் இவ்வளவு சரியாய் வந்து விழுந்ததைக் காண எனக்கு மிகுந்த சந்தோசம்.

ஏறாவூர் லைன் 14 | வியாழன், இரவு 11.55

சேர், இதை என்ட மகளுக்குக் காட்டினன். ஓ.எல் (சாதாரண தர) கணிதத்தில பைதகரஸ் எதுக்கு எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ.

தறிச்சத்தம் | வெள்ளி, பின்னேரம் 3.10

அஸ்ஸலாமு அலைக்கும். மருதமுனையால எழுதுறன். வாப்பாட காலத்துத் தறி இன்னும் வீட்டில ஓடுது, சாறனும் சாரியும் நெய்யிறம்.

தையல் சொன்னது சரி, ஆனா தைச்ச நூல் துணிக்கு மேல கிடக்கும். உரஞ்சும், நகம் படும். நெய்ஞ்சா நூல் துணிக்கு உள்ளுக்கு இருக்கும். தங்கச்சிட பட்டிக்கு நாடா மாதிரி ஒன்டு நெய்யலாம் என்டு நினைக்கிறன்.

பாவில (நீளவாட்டு நூலில) ரெண்டு வகை நூல் போடுற. ஒன்டு லாஸ்டிக் நூல், நல்லா இழுத்து வெச்சிக் கட்டுற. மத்தது வெள்ளி நூல், இழுக்காம நேரா. ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) சாதாரணப் பருத்தி. நெய்ஞ்சு முடிச்சித் தறியில இருந்து வெட்டினா லாஸ்டிக் சுருங்கும், அதோட சேர்ந்து வெள்ளி நூல் ஊடைக்கு ஊடை சின்னச் சின்ன வளைவா மடிஞ்சி நிக்கும். லாஸ்டிக்கை எவ்வளவு இழுத்துக் கட்டினமோ அவ்வளவு தூரத்துக்குப் பட்டிய இழுக்கலாம், வெள்ளிக்கு நோகாது. சேர் சொன்ன போன் வயர்தான் இது.

கஷ்டம் ஒன்டு இரிக்கி. ரெண்டு நூலுக்கும் இழுவை வேற வேற, அதால ஒரே பாவுருளையில சுத்த ஏலா. லாஸ்டிக்குக்குத் தனிய இன்னொரு உருளை கட்டி, பாரம் தூக்கி இழுவை வைக்கணும். வாப்பா சிரிச்சிட்டுச் செய்வம் என்டு சொல்லிட்டார். நூலைக் கொண்டுவந்து தந்தா போதும், கூலி வேணாம். சுகமில்லாத ஆளுக்குச் செய்ற வேலை.

கல்லடியான் | வெள்ளி, பின்னேரம் 5.40

தறிச்சத்தம், வாப்பாவுக்கு என்ட வணக்கத்தைச் சொல்லுங்க. இங்க எங்கட ஆய்வுகூடத்தில இதே நாடாவை மெசினில நெய்யிறம், கொள்கை அப்பிடியே இதுதான். நான் பின்னல் துணிதான் சொல்ல இருந்தன், கண்ணிகள் தானா விரியும், இழுபடும். ஆனா பின்னலில நூல் நூலைத் தொடுற இடமெல்லாம் தடை மாறும். உணரிக்கு அது உதவும், வழிக்கு உதவாது. வழிக்கு உங்கட நாடாதான் திறம்.

ஒரு வேண்டுகோள்: போற வெள்ளி நூலுக்கும் வாற வெள்ளி நூலுக்கும் நடுவில ஒரு செ.மீ. ஆவது வெறும் நூல் விடுங்க. வேர்வை உப்புத் தண்ணி, அதுவும் கடத்தும். கிட்டக் கிட்ட இருந்தா நனைஞ்ச நேரம் ரெண்டும் ஒண்டாயிரும்.

வாவிக்கரை | வெள்ளி, இரவு 7.25

கல்லடி அண்ணன், நம்மட நாட்டுக் காரீயத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கல்லயே. போகல, கஹட்டகஹ எண்ட இடங்களில இருக்கிற சுரங்கக் காரீயம் உலகத்திலேயே சுத்தமானது எண்டு படிச்சம். அக்காட உணரிக்கு அதைப் போட்டா நல்லா வராதா?

கல்லடியான் | வெள்ளி, இரவு 8.10

அது நாளக் காரீயம், பாறை வெடிப்புக்குள்ள நரம்பு மாதிரி ஓடுறது. 95 வீதத்துக்கு மேல சுத்தமா வரும், உண்மையிலயே பெருமைப்படவேண்டிய பொருள். ஆனா இந்த இடத்தில சுத்தத்தை விட உருவம் பெரிசு. காரீயம் தகடு தகடா இருக்கும், சங்கிலி சேர நிறையத் தூள் கொட்டவேணும், அப்ப சிலிக்கோன் விறைச்சுப் போகும். கார்பன் கறுப்பு எண்ட புகைக்கரி கொத்துக் கொத்தா இருக்கிறதால குறையப் போட்டாலே சங்கிலி சேரும், றப்பர் மெத்தாவே இருக்கும். குழைக்கேக்க வாய் மூக்கைக் கட்டுங்க, அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

நடைபயிற்சி | சனி, காலை 9.30

அக்கரைப்பற்றில இருந்து. இயன்மருத்துவர். நூலைப் பற்றி எனக்குத் தெரியாது, காலைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டா இவ்வளவு நேரமும் ஒருத்தரும் காலைப் பற்றிக் கதைக்கல்ல.

தங்கச்சி, உங்கட அம்மப்பாவுக்கு எத்தனை பாகை மடக்கினார் எண்டு நுணுக்கமாத் தெரியத் தேவையில்ல. அதை நாங்க கிளினிக்கில அளப்பம். வீட்டில தெரியவேண்டியது ரெண்டு விசயம். எத்தனை தரம். நீட்டினாப்பிறகு பிடிச்சாரா. காலை முழுசா நீட்டி அஞ்சு வினாடி பிடிக்கிறதிலதான் தொடைத் தசைக்கு வேலை. கடைசிப் பத்துப் பதினைஞ்சு பாகைதான் இவங்களுக்குக் கஷ்டம், நீட்டினது போல நீட்டிட்டு உடன மடக்கிருவாங்க. அப்பிடி நூறு செய்தாலும் பலன் குறைவு.

மற்றது, பாரிசவாதம் வந்த காலில உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். பட்டி இறுக்கினாலும் பொத்தான் குத்தினாலும் அவருக்குத் தெரியாமப் போகும். உள்ளுக்க ரெண்டு விரல் லேசாப் போகவேணும். இரவில கழட்டுங்க. கழட்டினதும் தோலைப் பாருங்க, சிவப்பு அரைமணித்தியாலத்தில மறையாட்டி பட்டியை மாத்துங்க. பற்றரியைத் தோலோட வைக்கவேண்டாம், முழங்காலுக்குப் பின்பக்கம் தடிப்பா ஒண்டும் வரக்கூடாது.

களுவாஞ்சி நூல் | சனி, காலை 10.15

மிஸ், நீங்க எழுதினதை மூண்டு தரம் வாசிச்சிட்டன். நான் இவ்வளவு நாளும் 1.6 ஐ எப்பிடி 1.2 ஆக்கிறது எண்டுதான் அலைஞ்ச நான். எண்ணுறதுக்கும் பிடிக்கிற நேரம் பார்க்கவும் அது 1.2 ஆகவே தேவையில்லையே! ஏறி இறங்கினாக் காணும்.

ஓமின் விதி | சனி, காலை 11.00

அதேதான் மகள். உங்கள் காரீயப் பூச்சே போதும். நிரலில் ஒரே எல்லை வைக்காதீர்கள், இரண்டு வையுங்கள். மேல் எல்லையைத் தாண்டினால் "மடங்கியது", கீழ் எல்லைக்குக் கீழே வந்தால் "நீண்டது". நடுவில் எவ்வளவு ஆடினாலும் எண்ணக் கூடாது. அந்த எல்லைகளும் நிலையாய் இருக்கக்கூடாது. கடைசிப் பத்து மடக்கல்களின் உச்சத்தையும் அடியையும் பார்த்து அவற்றுக்கு நடுவே நகரட்டும். அடிமட்டம் ஏறினால் எல்லையும் கூட ஏறும். அஞ்சு வினாடி நீட்டிப் பிடிப்பதும் உங்களுக்கு உதவி, அந்த நேரத்தில் துணிக்கைகள் திரும்பிச் சேர்ந்துகொள்ளும்.

தொடரில் போடும் தடைக்கு 1.2 ஐயும் 2.0 ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், ஏறக்குறைய 1.5 கிலோ ஓம். 5 வோல்ற்றில் இரண்டு நிலைக்கும் இடையே 0.63 வோல்ற்று வித்தியாசம் வரும். 1024 படி கொண்ட போட்டில் அது 130 படி. தாராளம்.

களுவாஞ்சி நூல் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.20

சொன்னபடி வந்து எழுதுறன்.

வெள்ளி நூல் வந்ததும் மருதமுனைக்குக் கொண்டுபோனன். தறிச்சத்தம் அண்ணாட வாப்பா லாஸ்டிக் உருளைக்குச் செங்கல் ரெண்டைக் கட்டித் தொங்கவிட்டு இழுவை வைச்சார். முதல் நாடா சரிவரல்ல, லாஸ்டிக் ஒரு பக்கம் கூட இழுபட்டு வாழையிலை மாதிரிச் சுருண்டிட்டு. ரெண்டாவது நேரா வந்தது. தறியில இருந்து வெட்டின நேரம் அந்த நாடா கண்முன்னால சுருங்கி வெள்ளி நூல் அலை அலையா எழும்பினதை நான் சாகும்வரை மறக்கமாட்டன். உம்மா தந்த வட்டிலப்பத்தையும்.

ஒப்பிட்டுப் பார்க்க லைன் 14 அண்ணன் சொன்ன மாதிரி பொபின் சிக்சாக் பட்டி ஒண்டும் தைச்சன். ரெண்டும் 40 செ.மீ. சும்மா கிடக்கேக்க ரெண்டும் 9 ஓம் கிட்ட. ஒன்றரை மடங்கு இழுத்தா நெய்ஞ்சது அசையவே இல்ல, தைச்சது 10. கையால பத்துத் தரம் கழுவினாப்பிறகு நெய்ஞ்சது 11, தைச்சது 19. தறிச்சத்தம் அண்ணன் சொன்னது சரி, மேல கிடந்த நூல்தான் தேயுது. ஆனா தறி இல்லாத ஆளுக்கு சிக்சாக் போதும், என்ட உணரி 1200 ஓம், அதுக்கு முன்னால 19 ஒண்டுமில்ல.

ஒரு கழுவல் பிழைச்சுப் போச்சு. மழைக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டிருந்தது, அது தெரியாம அந்தத் தண்ணியில இரவு முழுக்க ஊறப்போட்டிட்டன். வெள்ளி மங்கி ஒரு இடத்தில தடை ரெண்டு மடங்காயிட்டு. ஊறப்போடவேண்டாம், அலசி எடுத்து நிழலில காயவிடுங்க.

உணரியை மணமில்லாத சிலிக்கோனில திரும்பப் பூசினன். வெள்ளி நூலிட நுனியை முதல் துணியில தைச்சு, அதுக்கு மேல பூச்சு. ஒட்டு விடல்ல.

இப்ப அம்மப்பா. ஒம்பது நாள் போட்டிருக்கிறார். சாறனுக்குள்ள தெரியாது. தோலில அடையாளம் இல்ல, ஒவ்வொரு நாளும் பார்க்கிறன். எண்ணிக்கையைப் பார்த்து நான் அழுதிட்டன். அவர் பொய் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் அறுபதுக்குக் கிட்டச் செய்யிறார், சில நாள் எழுபது. ஆனா காலையில இல்ல, எல்லாத்தையும் பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு ஒரே இழுவையா. அதில அஞ்சு வினாடி பிடிச்சது இருபதுதான். கேட்ட நேரம் சொல்லுறார், காலையில கால் மரக்கட்டை மாதிரிக் கிடக்குதாம், சொன்னா அம்மா கவலைப்படுவா எண்டு சொல்லல்லயாம்.

நடைபயிற்சி | ஞாயிறு, இரவு 9.05

காலை விறைப்பு இந்த நோயில வாறதுதான், மறைக்கிற விசயமில்ல எண்டு அவருக்குச் சொல்லுங்க. காலைப் பயிற்சியைப் பத்து மணிக்குத் தள்ளுங்க. அதுக்கு முதல் கெண்டைத் தசையை மெதுவா இழுத்துப் பிடிக்கிற பயிற்சி ஒண்டு இருக்கு, அடுத்த கிளினிக்கில அவரைப் பார்க்கிற இயன்மருத்துவரிட்டக் கேளுங்க. ஒரே இழுவையாச் செய்யிற அந்த அறுபதை இருபது இருபதாப் பிரியுங்க, களைச்ச தசை பிடிக்காது. அந்த எண்ணிக்கைத் தாளையும் கொண்டுபோங்க. இப்பிடி ஒரு தாளோட ஒரு ஆள் என்னட்ட வந்தா நான் எவ்வளவு சந்தோசப்படுவன் தெரியுமா.

களுவாஞ்சி நூல் | ஞாயிறு, இரவு 9.20

கட்டாயம் மிஸ். இன்னும் ஒரு பிரச்சினை கிடக்கு: பிரஸ் பட்டன் பச்சை பிடிக்கத் தொடங்கிட்டு.

ஏறாவூர் லைன் 14 | ஞாயிறு, இரவு 11.50

அது பித்தளைப் பட்டன், வேர்வையும் வெள்ளியும் சேர்ந்தா அரிக்கும். கறையில் உருக்குப் பட்டன் இருக்கு, ஒரு டசின் எடுத்துத் தாறன். தோல் பக்கம் ஒரு துண்டுத் துணி வைச்சு மூடித் தையுங்க, குத்தவும் மாட்டாது.

தறிச்சத்தம் | திங்கள், காலை 7.15

வாப்பா அடுத்த நாடாவுக்குப் பாவு ஓட்டத் தொடங்கிட்டார், இந்த முறை ஒரு அங்குலம் அகலம் கூட. எங்கட தெருவிலயும் ஒரு ராத்தாக்கு இதே வருத்தம், அவக்கும் ஒன்டு வேணுமாம். தங்கச்சி, போட்டுக்குப் போடுற நிரலை அனுப்பிவைங்க. வெள்ளி நூல் எத்தனை மீற்றர் மிச்சம் இரிக்கி?

களுவாஞ்சி நூல் | திங்கள், காலை 7.40

முப்பது மீற்றருக்கு மேல கிடக்கு அண்ணன். நிரலோட சேர்த்து சனிக்கிழமை கொண்டுவாறன். அம்மப்பாவும் வாறாராம், தறியைப் பார்க்கவேணுமாம்.